ஏகாம்பரம் சொன்ன இங்கிலீஷ் வார்த்தை

மாசிலாமணி வாத்தியார் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறி வந்தார். மூச்சு இரைத்தது. ஆனாலும் உட்காரவில்லை.

"வாத்தியாரே, அந்த ஏகாம்பரம் டீக்கடையில என்னை இங்கிலீஷ்ல திட்டிட்டான்!"

இருதயராஜ் புறாக்களுக்குக் கம்பு இறைத்துக்கொண்டிருந்தார். ராயபுரத்தில் பந்தயப் புறா வளர்ப்பவர்களுக்கெல்லாம் அவர்தான் வாத்தியார். வயது நாற்பது. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது.

"என்னன்னு திட்டினார்?"

"இன்ஹெரன்ட்!"

வாத்தியார் சிரித்துவிட்டார். "அது திட்டு இல்லண்ணே. முழுசா என்ன சொன்னார்?"

"'அந்தப் புறாவோட இன்ஹெரன்ட் குவாலிட்டி உனக்கு என்னடா தெரியும்'னு கேட்டான். அத்தனை பேர் எதிர்ல! அர்த்தம் சொல்லுங்க. அதே வார்த்தையால அவனைத் திருப்பி அடிக்கணும்."

மாசிலாமணியின் கைக்கூடையில் அந்தப் புறா இருந்தது. ஏகாம்பரம் வளர்த்த சாம்பல் நிறப் பெட்டை. போன மழையில் தடுமாறி மாசிலாமணியின் மாடியில் இறங்கியது. எந்த மாடியில் இறங்குகிறதோ அந்த மாடிக்காரருக்கே புறா சொந்தம். திருப்பிக் கேட்கக் கூடாது. அங்கே அதுதான் வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். ஏகாம்பரத்தை அவருடைய புறாவை வைத்தே தோற்கடிக்க வேண்டும். என்றைக்கோ ஒரு பந்தயத்தில் மாசிலாமணி தோற்றபோது ஏகாம்பரம் கைதட்டிச் சிரித்திருந்தார். அந்தக் கைதட்டல் இன்னும் மாசிலாமணியின் காதில் இருந்தது.

"இந்தப் புறாவோட குணம் என்ன? நீங்களே சொல்லுங்க" என்றார் வாத்தியார்.

"விசில் அடிச்சா தலையைத் தூக்கும்."

"நீங்க பழக்கினது."

"இறகு எப்படி மினுங்குது பாருங்க!"

"நீங்க போட்ட தீனி."

"என் தோளைவிட்டு இறங்காது, வாத்தியாரே!"

"இறக்கையைக் கட்டி வெச்சிருக்கீங்க. வேற எங்க போகும்?"

மாசிலாமணிக்கு முகம் சிவந்தது. "மூணு மாசமா என் கம்பைத் தின்னுது. இப்ப இது என் புறா!"

"அப்ப நூல் எதுக்கு?"

மாசிலாமணி கூடையிலிருந்து புறாவைத் தூக்கினார். சட்டைப் பையில் இருந்த பிளேடை எடுத்தார். இறக்கையைச் சுற்றியிருந்த நூலை ஒரே இழுப்பில் அறுத்தார். புறாவை மேலே வீசினார்.

"விட்டுட்டாருடோய்!" பக்கத்து மாடியில் யாரோ கத்தினார்கள். எல்லா மாடிகளிலும் தலைகள் முளைத்தன.

புறா ஒரு சுற்று சுற்றியது. தாழ்ந்தது. மறுபடி எழும்பியது. மாசிலாமணி விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். புறா அவர் வீட்டுப் பக்கம் திரும்பியது.

"பாருங்க! பாருங்க! என் மாடி! இறங்குது, இறங்குது!"

இறங்கவில்லை. அந்த மாடியைத் தாண்டியது. மாதா கோவில் கோபுரத்தைத் தாண்டியது. இறக்கையை ஒடுக்கிக்கொண்டு, எறிந்த கல்போல் ஒரு பச்சைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் விழுந்தது. ஏகாம்பரத்தின் மாடித் தொட்டி.

அந்த மாடியில் யாரோ தட்டைத் தட்டி ஆடினார்கள்.

மாசிலாமணி கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றார். "டேய் ஏகாம்பரம்! நீ நல்லா இருப்பியாடா!" தொண்டை கட்டும்வரை கத்தினார். பிறகு இறங்கி வந்தார்.

"அர்த்தம் புரிஞ்சுபோச்சு வாத்தியாரே. கூடவே பொறந்தது. யார் தீனி போட்டாலும் மாறாது. அதானே?"

"அதேதான்."

"அப்ப கேட்டுக்குங்க. அவன் மேல எனக்கு ஒரு ஆத்திரம் இருக்கே, அது என்னோட இன்ஹெரன்ட் குவாலிட்டி!"

வாத்தியார் கையில் மிச்சமிருந்த கம்பை இறைத்தார்.

"பொறக்கும்போதே ஏகாம்பரத்தைத் தெரியுமாண்ணே?"