ஆகாயத்தாமரை மண்ணை விட்ட கதை

செடிகள் தங்களுக்கு ஏற்ற இடம் தேடி நடந்து போன அந்தக் காலத்தில், வேர் ஊன்றும்வரைதான் அவற்றுக்கு நடை இருந்தது. ஓரிடத்தில் ஊன்றிவிட்டால் சாகும்வரை அங்கேதான். அதனால் எந்தச் செடியும் நன்றாக யோசித்த பிறகே மண்ணிலோ நீரிலோ இறங்கும்.

அப்போது ஒச்சாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் கணவன் கழுவன் கிணற்றில் நீர் இறைத்துக் கத்தரியும் வெண்டையும் போட்டிருந்தான். அந்த ஆண்டு மாசி மாதமே கண்மாய் வற்றிவிட்டது. ஊரே கூடையோடு இறங்கி மீன் பிடித்தது. ஆறு மாதக் கர்ப்பிணியான ஒச்சாயியும் போனாள். சேற்றில் கைவிட்டுத் துழாவியபோது ஒரு கெண்டை சிக்கியது. அதன் வயிறு முட்ட முட்டை.

"அக்கா, வயித்துல இருக்கறத மட்டும் எறக்கி வச்சிடறேன். அப்புறம் என்னைச் சட்டியில போட்டுக்க" என்றது கெண்டை.

ஒச்சாயிக்குத் தன் வயிற்றின்மேல் கை போனது. "உன்னச் சட்டியில போட்டு நான் திங்கவா?" என்றாள். கூடையைப் போட்டுவிட்டு, குடத்தில் நீர் மொண்டு கெண்டையை அதில் விட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"ஊரே மீன் கொழம்பு வைக்குது. நீ மீனுக்கு விருந்து வைக்கப் போறியா?" என்று கழுவன் சிரித்தான். ஆனால் அன்றே கிணற்றடியில், இறைத்த நீர் வழிந்தோடும் இடத்தில், முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் வெட்டிக் கொடுத்தான்.

கெண்டை அதில் முட்டையிட்டது. குஞ்சுகள் வந்தன. பங்குனி வெயில் பள்ளத்தின் அடிவரை இறங்கிச் சுட்டது.

"தண்ணி கொதிக்குதுக்கா. கொக்கு வேற வந்து பாத்துட்டுப் போயிருச்சு" என்றது கெண்டை.

நிழலுக்கு ஒரு செடி வேண்டும் என்று ஒச்சாயி சொல்லியனுப்பினாள்.

முதலில் தாமரை வந்து, கரையில் நின்றபடியே பார்த்தது. "எனக்கு ஆள் ஆழத் தண்ணி வேணும் ஒச்சாயி. இதுல எறங்குனா பூக்காமலே செத்துப்போவேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பியது.

அடுத்துச் சம்பங்கோரை வந்தது. "எனக்கு இந்தத் தண்ணி போதும். ஆனா ரெண்டு வருசத்துல இங்க பள்ளம் இருக்காது, நாந்தான் இருப்பேன். மீன் வேணும்னா என்னைக் கூப்பிடாத" என்றது.

அல்லி வந்தது. "நான் இருக்கேன். தண்ணி வத்துனாலும் என் கெழங்கு சேத்துக்குள்ள கெடக்கும். ஆனா நெழல் குடுக்கற அளவுக்கு எலை விட அடுத்த வருசம் ஆகும்."

"அதுவரைக்கும் இந்தக் குஞ்சுங்க இருக்கணுமே" என்றாள் ஒச்சாயி. அல்லி திரும்பிப் போய்விட்டது.

கடைசியாக, ஆற்றுப் பக்கமிருந்து ஒரு சின்னச் செடி வந்தது. அகல்விளக்கை அடுக்கி வைத்ததுபோல் இலைகள், இலையெல்லாம் மெல்லிய பூனைமயிர். அதன் பழைய பெயர் இப்போது யாருக்கும் தெரியாது.

"பத்தே நாளுல நெழல் குடுப்பேன்க்கா" என்றது.

"எவ்வளவு பரவுவ?"

"தெரியலையேக்கா. ஆத்துல எங்கம்மாவுக்குப் பிள்ளை பொறக்கப் பொறக்கத் தண்ணி இழுத்துட்டுப் போயிரும். ஒண்ணுகூடப் பக்கத்துல தங்குனதில்ல. நானும் அப்படி வந்தவதான். எனக்கு நிக்கிற தண்ணி வேணும். எம்பிள்ளைங்களையாவது நான் கூட வச்சுக்கணும்."

அதைக் கேட்டபின் ஒச்சாயி வேறெதுவும் கேட்கவில்லை. "எறங்கு தாயி" என்றாள்.

செடி இறங்கிச் சேற்றில் வேர் ஊன்றியது. சொன்னபடியே பத்து நாளில் நிழல் விழுந்தது. கெண்டையும் செடியும் ஒன்றையொன்று மதினி என்று கூப்பிட்டுக்கொண்டன. செடியின் பிள்ளைகளுக்கு அடியில் மீன்குஞ்சுகள் விளையாடின. கொக்கு வந்து பார்த்து, ஒன்றும் தெரியாமல் பறந்தது.

மாதம் நெருங்கியதும் ஒச்சாயி தாய்வீட்டுக்குக் கிளம்பினாள்.

"பள்ளத்தப் பாத்துக்கங்க."

"நான் பாத்துக்கறேன். நீ நல்லபடியாப் பெத்து எடுத்துட்டு வா" என்றான் கழுவன்.

அவன் சொன்ன சொல் தவறவில்லை. தினமும் நீர் விட்டான். பள்ளம் பச்சைப் பாய் விரித்ததுபோல் ஆனது. போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திக் காட்டினான்.

பாய்க்கு அடியில் கெண்டை சொன்னது: "மதினி, இருட்டா இருக்கு."

"வெயில் படாம நல்லாத்தானே இருக்கு?"

சில நாள் கழித்துக் கெண்டை மறுபடி வந்தது. "மூச்சு முட்டுது மதினி. கொஞ்சம் வெலகேன்."

செடி பதறிப்போய்ப் பிள்ளைகளை விலகச் சொன்னது. அவை எங்கே விலகும்? ஆறாக இருந்தால் நீர் கொண்டுபோயிருக்கும். இங்கே அத்தனையும் வேர் ஊன்றி, இலையோடு இலை பின்னிக் கிடந்தன. செடி கழுவனைக் கூப்பிட்டுப் பார்த்தது. மாடு பூட்டிக் கவலையில் நீர் இறைக்கும் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

இறைத்த நீர் வந்து விழும் இடத்தில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு இலை மூடாமல் இருந்தது. கெண்டை தன் குஞ்சுகளை அங்கே தள்ளிக்கொண்டு போனது.

"நீயும் அங்கயே நில்லு மதினி" என்று செடி கெஞ்சியது.

"நான் நின்னா அதுங்களுக்கு எடமில்ல" என்றது கெண்டை.

பெண்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒச்சாயி திரும்பி வந்தபோது, வீட்டுக்குள் போகாமல் நேரே பள்ளத்துக்குத்தான் போனாள். "மீனு, எம்பிள்ளையைப் பாரு" என்று கூப்பிட்டாள். மீன் மேலே வரவில்லை. குழந்தையைக் கழுவனிடம் கொடுத்துவிட்டு இலைகளை விலக்கினாள். கெண்டை வயிறு மேலாக மிதந்தது.

கழுவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "தெனமும் பாத்தேனே புள்ள. பச்சப்பசேல்னு இருந்துச்சு. நல்லா இருக்குன்னுதானே நெனச்சேன்."

"உங்க மேல தப்பில்ல" என்றாள் ஒச்சாயி. "எவ்வளவு பரவும்னு தெரியாமலே நாந்தான் எறக்குனேன்."

செடியைப் பிடுங்க அதன் கழுத்தைப் பிடித்தாள். சுற்றிலும் அதன் பிள்ளைகள். பிடியை விட்டாள்.

"பிடுங்குக்கா" என்றது செடி.

"முடியல தாயி."

"ஊனி நின்னதாலதான் என்னால வெலக முடியல. வெலகியிருந்தா எம்மதினி செத்திருக்க மாட்டா."

அப்படிச் சொல்லிவிட்டுச் செடி தானே தன் வேரை இழுத்தது. வேர்கள் ஒவ்வொன்றாகச் சேற்றில் அறுந்தன. "வலிக்குதும்மா, வேண்டாம்மா" என்று பிள்ளைகள் அழுதன. "நீங்களும் விடுங்கடி" என்றது அது. அவையும் விட்டன. சாயங்காலக் காற்று எழுந்து எல்லாவற்றையும் ஒரு பக்கமாக ஒதுக்கியது. பள்ளத்தில் வெளிச்சம் இறங்கியது. ஏழே ஏழு குஞ்சுகள் நீந்தி வந்தன. அவை தாயைத் தேடிப் பள்ளம் முழுவதும் சுற்றின.

ஒச்சாயி கெண்டையைக் கரையில் புதைத்தாள். மழை வந்த பிறகு அந்தச் செடியை எடுத்து மறுபடி சேற்றில் ஊன்றிப் பார்த்தாள். அது நிற்கவில்லை. மண்ணில் இல்லாத செடி என்பதால் ஊரார் அதை ஆகாயத்தாமரை என்றார்கள்.

அன்றைக்கு மண்ணை விட்டதுதான். இன்றுவரை ஆகாயத்தாமரை எந்த நீரிலும் கால் ஊன்றாமல், காற்று தள்ளும் பக்கமெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது. அதன் வேர்கள் நீருக்குள் எதையோ துழாவுவதுபோல் தொங்குகின்றன. தாயில்லாத மீன்குஞ்சுகள் வந்து அந்த வேர்களுக்குள்தான் ஒண்டிக்கொள்கின்றன.