எங்கிருந்து வந்தது என்று கேட்காதே

வெகு காலத்துக்கு முன்னால், மேல்மலை நாட்டைக் கோளரிவர்மன் என்றொரு மன்னன் ஆண்டான். அவனுக்குத் தன் நிழல்மேல்கூட நம்பிக்கை கிடையாது. குடிகளை ஏய்த்து வாழ்கிறவனுக்கு நிம்மதியான தூக்கம் எங்கிருந்து வரும்? சோற்றில் விஷம் வைத்துவிடுவார்களோ என்று ஓயாமல் பயந்துகொண்டிருந்தான்.

அந்தப் பயத்தை மூலதனமாக்கி மேலே வந்தவன் அரண்மனை அதிகாரி மருதவாணன்.

"அரசே, சோறு வரும் முழு வழியும் தெரிந்தவனால்தான் சதி செய்ய முடியும். ஆகையால் யாருக்கும் முழு வழி தெரியக் கூடாது. அடுத்து எங்கே போவது என்பது மட்டும் தெரிந்தால் போதும். எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவனின் நாக்கை அறுத்துவிடுவோம்."

மன்னன் மகிழ்ந்துபோனான். அறைக்கு அறை சுவரில் ஆணை எழுதப்பட்டது. சமையற்கட்டில்: 'சோறு சூடானதும் ருசி பார்ப்பவனிடம் போ.' அவன் அறையில்: 'ருசி பார்த்தாயிற்றா, வைத்தியரிடம் போ.' வைத்தியர் அறையில்: 'சூடாக இருந்தால் முத்திரை அறைக்குப் போ. ஆறியிருந்தால் சமையற்கட்டுக்குப் போ.' முத்திரை அறையில்: 'வந்த தட்டுக்கு முத்திரை வை. மன்னரிடம் போ.'

அரண்மனையோ பெரியது. வைத்தியரிடம் வருவதற்குள் சோறு ஆறிவிடும். சமையற்கட்டுக்குத் திரும்பும், சூடாகும், மறுபடி ருசி பார்ப்பவனிடம் போகும், மறுபடி ஆறும். சில நாள் மன்னனுக்கு மதியச் சோறு அந்தியில் வந்தது. சில நாள் வரவே இல்லை. மெலிந்துபோன அவன் இடுப்பில் அரைக்கச்சை நிற்காமல் நழுவியது.

"பட்டினி கிடந்தாலும் பத்திரமாக இருக்கிறீர்கள், அரசே!" என்றான் மருதவாணன்.

"உண்மைதான். சாப்பிடாதவனுக்கு யாரால் விஷம் வைக்க முடியும்?" என்றார் அமைச்சர் நக்கண்ணர். அவர் கேள்வி கேட்கும் பழக்கம் உள்ளவர். அதனாலேயே மருதவாணனுக்கு அவரைக் கண்டால் ஆகாது.

ஒருநாள் அதிசயமாகத் தட்டு மதியமே வந்தது. மன்னன் வழக்கம்போல முதல் கவளத்தைத் தன் கீரிக்குப் போட்டான். கீரி நுரை தள்ளிச் செத்தது.

மருதவாணன் யோசிக்கவே இல்லை. "தொடக்கம் சமையற்கட்டு. சமைத்தவள் ஒச்சம்மா. பிடியுங்கள் அவளை!"

தலைமைச் சமையல்காரி ஒச்சம்மாவை இழுத்து வந்தார்கள். "சாமி, நான் அனுப்பினது பருப்புக் குழம்பு. தட்டுல கிடக்குறது மீன். அது என் அடுப்புல வெந்ததே இல்ல."

"வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள்!" என்றான் மருதவாணன்.

"நாளைப் பொழுது சாயும்போது யானைக் காலில் போடுங்கள்" என்று தீர்ப்புச் சொன்னான் மன்னன். ஆனால் மீன் என்ற சொல் நக்கண்ணரின் மனதில் முள்ளாக நின்றது.

மறுநாள் மதியமும் முத்திரையோடு தட்டு வந்தது. மன்னன் கையை நீட்டவில்லை. கீரியும் இல்லை.

"பயப்படாதீர்கள் அரசே! முத்திரை இருந்தால் அத்தனை கண்களையும் தாண்டி வந்ததாகப் பொருள். என் ஏற்பாட்டுக்கு என் உயிரே பிணை" என்று மார் தட்டினான் மருதவாணன்.

"அப்படியானால் நீயே முதலில் சாப்பிடு."

சபை பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கவளத்தை வாயில் வைத்தவன் முகம் கோணி, தொண்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டான். "விஷம்! ஐயோ, வைத்தியரைக் கூப்பிடுங்கள்!"

"எழுந்திரும் மருதவாணரே, அது வேப்பிலைத் துவையல். என் வீட்டு அம்மியில் அரைத்தது" என்றார் நக்கண்ணர்.

சபை சிரித்தது. மன்னன் சிரிக்கவில்லை. "அது எப்படி என் தட்டுக்கு வந்தது?"

"நேராக முத்திரை அறைக்குப் போய் வைத்தேன், அரசே. எங்கிருந்து வந்தது என்று முத்திரை வைப்பவன் கேட்கவில்லை. கேட்டால் நாக்கு போய்விடுமே! முத்திரை வைத்தான். நேற்றைய மீனும் இப்படித்தான் நடுவில் நுழைந்திருக்கும்."

மன்னனின் கண் சுருங்கியது. "நேற்றைய விஷமும் உம்முடைய கைவேலைதானோ?"

"இருக்கலாம். நானில்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது. மருதவாணராலும் முடியாது, ஒச்சம்மாவாலும் முடியாது. யாரும் எங்கிருந்தும் நடுவில் நுழையலாம் என்றிருக்கும்போது, அவளை மட்டும் கொல்வது என்ன நியாயம்?"

"உண்மையில் வைத்தவன் யார்?"

"அது இனி ஒருநாளும் தெரியாது. தடயத்தை அழித்தது உங்கள் சுவரில் இருக்கும் ஆணை."

 "வேறென்ன வழி?" என்றான் மன்னன்.

"ஒரே கூடம். உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல். ருசி கெட்டிருந்தால் கொட்டட்டும், புதுச் சோறு முதல் வாசல் வழியாகவே வரட்டும். நன்றாயிருந்தால் சூடு பார்க்கட்டும். ஆறியிருந்தால் அங்கேயே ஓர் அடுப்பில் சூடாக்கட்டும், இல்லையென்றால் அப்படியே விடட்டும். எப்படிப் பிரிந்தாலும் அதே வாசலில் வந்து சேரட்டும். மேலிருந்து கீழே படிக்கிற எவருக்கும் புரியும்படி எழுதுங்கள்."

"எல்லோருக்கும் புரிந்தால் ஆபத்து!" என்று தரையிலிருந்தே கத்தினான் மருதவாணன்.

"எல்லோருக்கும் புரிந்தால், ஒன்று பிசகும்போது எல்லோர் கண்ணிலும் படும். என்னைக்கூட நீங்கள் நம்ப வேண்டாம், அரசே. வாசலில் ஆளைப் போட்டுப் பாருங்கள்."

சந்தேகமே உயிர்மூச்சான மன்னனுக்கு அந்தக் கடைசி வார்த்தை பிடித்துவிட்டது. தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான். கூடம் கட்டி முடியும்வரை மருதவாணன் தன் பழைய வழியில் வரும் சோற்றையே தின்ன வேண்டும் என்றும் சொன்னான்.

"ஒச்சம்மாவை விடுங்கள்!" என்று உத்தரவிட்டான்.

சேவகன் நெளிந்தான். "விடுதலை ஆணை என்றால் முதலில் எழுத்தரிடம் போக வேண்டும், அரசே. அவர் முத்திரை அறைக்குப் போகச் சொல்லுவார். அவர்கள் திரும்ப எழுத்தரிடம்..."

கொலை ஆணை மட்டும்தான் அந்த நாட்டில் நேர்வழியில் போகும். விடுதலைக்குத்தான் சுற்றுவழி. ஆணை அப்படிச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கிழக்குச் சுவரில் அந்தி வெயில் சிவந்துவிட்டது.

மன்னன் நழுவும் கச்சையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினான். மைதானத்தில் யானை நின்றது. புழுதியில் கட்டுண்டு கிடந்தாள் ஒச்சம்மா.

"அவிழ்த்துவிடு அவளை!"

பாகன் திகைத்தான். மணிமுடியும் இல்லாமல், மூச்சிரைக்க நிற்பவன் யாரென்று அவனுக்குப் புரியவில்லை. கேட்கவும் பயம். ஒச்சம்மாதான் தலையைத் தூக்கினாள். இழக்க இனி அவளுக்கு என்ன இருக்கிறது?

"இந்த ஆணை எங்கிருந்து வருது?"

"என் வாயிலிருந்து. வேறெங்கும் போகாமல், நேராக இங்கே."

அந்த நாட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டும் நாக்கு போகாதது அன்றுதான் முதல்முறை. அவள் கேட்ட பிறகு, மற்றவர்களும் கேட்கத் தொடங்கினார்கள்.