கொட்டாங்கச்சியில் குடித்த காக்கை

நாலைந்து பேரை ஒரே வேலிக்குள் அடைத்துவிட்டால், அவர்கள் அடித்துக்கொள்வதைப் பார்க்கக் கூட்டம் வருமா, வராதா, நீங்களே சொல்லுங்கள்? வரும் என்றது நரி. வந்தது.

கோடையில் குளம் வற்றிக் கிடந்தது. காட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அந்த நேரம் பார்த்துக் குளத்தின் நடுவில் முள்வேலி கட்டியது நரி. உள்ளே ஒரு பெரிய பானை நிறையத் தண்ணீர் வைத்தது. பக்கத்து மரத்தின் உச்சியில் மைனாவை உட்காரவைத்தது. வேலிக்குள் யார் என்ன பேசினாலும் மைனா அதே குரலில் திருப்பிச் சொல்லும். காடு முழுக்கக் கேட்கும். கடைசிவரை உள்ளே தங்குகிறவருக்குப் பாறையடிச் சுனை சொந்தம். கேட்க வருகிறவர்கள் நரிக்கு மீனோ கிழங்கோ கொண்டுவர வேண்டும். கரடி மட்டும் அடை அடையாகத் தேன் அனுப்பியது.

மூக்காயி என்ற காக்கை அந்தச் சுனைக்காகத்தான் உள்ளே போனாள். வேப்பமரத்துக் கூட்டில் அவளுடைய குஞ்சுகள் தாகத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. புருஷனைக் காவலுக்கு வைத்துவிட்டு, சுனையோடுதான் திரும்புவேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் பானையில் குடிப்பார்கள். காக்கைக்கு மட்டும் தனியாக ஒரு கொட்டாங்கச்சி, வாசல் வேலியிலோ புதரிலோ செருகியிருக்கும். நரியும் தன் முள்வேலியில் ஒன்றைச் செருகியிருந்தது. யார் வைத்த வழக்கமோ, யாருக்கும் தெரியாது. தெரியாததாலேயே யாரும் மாற்றவில்லை.

கொட்டாங்கச்சியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும்? உச்சி வெயிலுக்குள் காய்ந்துவிடும். ஒரு நாள் தாங்க முடியாமல் மூக்காயி பானைப் பக்கம் போனாள்.

"ஏய், அந்தக் கறுப்பு மூக்கை எங்க பானையில விடாதே. தண்ணியே கறுத்துப் போயிடும்" என்றது தும்பை என்ற கொக்கு.

மைனா அதைக் கொக்கின் குரலிலேயே காட்டுக்குச் சொன்னது. அவ்வளவுதான், காடு இரண்டுபட்டது. காக்கைகள் வானத்தை மறைத்துக்கொண்டு கத்தின. கொக்குகள், அவள் விளையாட்டுக்குச் சொன்னாள் என்றன. எருமை சேற்றைவிட்டு எழுந்து வந்து நியாயம் பேசிற்று. நரிக்குக் கொண்டாட்டம். கூட்டம் பெருகப் பெருக, அதையே மறுபடி சொல்லு, மறுபடி சொல்லு என்று மைனாவைத் தூண்டிவிட்டது.

அப்போதுதான் கரடி நரிக்குச் சொல்லி அனுப்பியது. "நானும்தான் கறுப்பு. என் நிறத்தைப் பழிக்கிற இடத்துக்கு இனிமேல் தேன் வராது."

உடனே நரி சட்டம் போட்டது. வேலிக்குள் இனி யாரும் கறுப்பு என்று வாயெடுக்கக் கூடாது. காக்கையை மேகவண்ணத்தார் என்றுதான் அழைக்க வேண்டும். கொக்கு மைனாவைப் பார்த்துக் கண்ணைக் கசக்கியபடி, யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துவதாகச் சொல்லியது. எல்லாரும் கைதட்டினார்கள். அதன் பிறகு வேலிக்குள் ஒருவரும் நிம்மதியாகப் பேச முடியவில்லை. அணில் பாவம், கரிக்கட்டை என்று சொல்ல வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடிப்போய் மூலையில் உட்கார்ந்துகொண்டது.

எல்லாரும் சொல்லைத் தேடித் தவித்தார்கள். மூக்காயி தண்ணீருக்குத் தவித்தாள். கொட்டாங்கச்சி இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

அன்று சாயங்காலம் நரி குழைந்துகொண்டு வந்தது. இங்கே எல்லாம் சரியாகிவிட்டது, எனக்கு ஒரு குறையும் இல்லை என்று மைனா கேட்க ஒரு வார்த்தை சொன்னால் போதும், சுனை அவளுக்கே என்றது. கரடி சமாதானமானால் தேன் திரும்பி வருமே, அதுதான் அதன் கணக்கு.

மூக்காயிக்குக் குஞ்சுகளின் ஞாபகம். சொல்லிவிடலாம் என்றே அலகைத் திறந்தாள். தொண்டை ஒட்டிக்கொண்டது. முதலில் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள்.

கொக்கு ஓடி வந்தது. "மேகவண்ண அக்கா, கொட்டாங்கச்சியைக் கீழே வையுங்க" என்று தேனாகப் பேசியது. பேசிக்கொண்டே பானையைத் தூக்கி, பட்டுவிடாமல், அத்தனை உயரத்திலிருந்து ஊற்றியது. பாதி மண்ணில் போயிற்று. கொக்குக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள் என்று மற்றவர்கள் மெச்சினார்கள்.

மூக்காயி மண் குடித்த தண்ணீரைப் பார்த்தாள். பிறகு மைனாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் கறுப்புதான். காக்கான்னே கூப்பிடுங்க, எனக்கு அது பழி இல்லை. உங்க பானையில எனக்கு ஒரு வாய் தண்ணி உண்டா, இல்லையா? அதை யாராவது சொல்லுங்க."

அதைச் சொல்லாதே என்று நரி கத்தியது. ஆனால் மைனாவுக்குக் கேட்டதைச் சொல்லித்தான் பழக்கம். சொல்லிவிட்டது. ஒற்றுமையைக் கெடுத்தாள் என்று நரி வேலியைத் திறந்து மூக்காயியை வெளியே துரத்தியது. சுனையும் போயிற்று.

தன் குகை வாசலில் உட்கார்ந்து கரடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. நரியைத் திட்ட வாயைத் திறந்த கரடியின் கண், வாசல் புதரில் போய் நின்றது. அங்கேயும் ஒரு கொட்டாங்கச்சி செருகியிருந்தது. காக்கைக்கென்று கரடியின் அப்பன் காலத்தில் செருகியது. கரடி அதை வெகுநேரம் பார்த்தது. பிறகு பிடுங்கி, காலில் போட்டு மிதித்தது.

வெறும் அலகோடு வேப்பமரத்துக்குப் பறந்துகொண்டிருந்த மூக்காயியைக் கரடி கூப்பிட்டு நிறுத்தியது.

வாயிலிருந்து ஒரு சொல்லை எடுப்பது சுலபம். வாசலிலிருந்து கொட்டாங்கச்சியை எடுப்பதுதான் மரியாதை.

கரடி குகைக்குள் எட்டிப் பார்த்துத் தன் மனைவியிடம் சொன்னது: "அடியே, நாம குடிக்கிற பானையை எடுத்துக்கிட்டு வா. முதல்ல இவ ஒரு வாய் குடிக்கட்டும். அப்புறம் வேப்பமரம் வரைக்கும் தூக்கிட்டுப் போகணும், நீயும் ஒரு கை பிடி."