காட்டில் திரிகிறவனுக்கு மந்திரம் எதற்கு

"காட்டுல திரியறவனுக்கு எதுக்குங்க டீச்சர் மந்திரம்?"

வெள்ளிங்கிரி மேசையில் அறைந்த வேகத்தில் சில பகடைகள் உருண்டு கீழே விழுந்தன.

மேட்டுப்பாளையத்தில் ஒரு நூலகத்தின் மாடி. ஞாயிற்றுக்கிழமை மதியம். சுபத்ரா டீச்சர் அங்கே வாராவாரம் கதை விளையாட்டு நடத்துவார். ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, டீச்சர் சொல்லும் கற்பனை நாட்டில் பேசியும் பகடை உருட்டியும் பிழைத்துக் கிடக்க வேண்டும்.

டீச்சருக்கு முப்பது வயது. வெள்ளிங்கிரிக்கு ஐம்பத்தாறு. நூலகத்தின் வாட்ச்மேன். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் காட்டில் வேட்டைத் தடுப்புக் காவலர். "ஒரு ஆள் குறையுது, வாங்கண்ணா" என்று டீச்சர் கூப்பிட்டபோது எந்த வேடம் என்று அவர் யோசிக்கவே இல்லை. வனவீரன்.

மூன்று வாரம் நன்றாகத்தான் போயிற்று. தடம் பார்த்தார். காற்று பார்த்தார். மறைந்திருந்த பூதத்தை நாற்றத்தை வைத்தே கண்டுபிடித்துச் சொன்னார்.

நாலாவது வாரம், அதாவது இன்று, வனவீரன் ஆட்டத்தில் இரண்டாம் படிக்கு ஏறினான். டீச்சர் அவருடைய வேடத்தின் திறமைகள் எழுதிய தாளில் புதிதாக ஒரு வரி எழுதிக் கொடுத்தார். காயம் ஆற்றும் மந்திரம்.

அதைப் படித்ததும்தான் மேசையில் அந்த அடி.

"மந்திரவாதிக்குக் குடுங்க. சாமியாருக்குக் குடுங்க. காட்டுல கெடந்தவனுக்குக் குடுக்காதீங்க. அவனுக்குக் கண்ணு இருக்கு, காலு இருக்கு, அவ்வளவுதான். ரெண்டு வார்த்தை சொன்னா ரத்தம் நின்னுரும்னு எவன் எழுதுனான்? அவன் ஒரு நாளாவது காட்டுல நடந்திருப்பானா?"

டீச்சர் ரப்பரை எடுத்து அவர் பக்கம் தள்ளினார்.

வெள்ளிங்கிரி அழித்தார். தாள் கிழிகிற வரைக்கும் அழித்தார்.

ஆட்டம் தொடர்ந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த ரெஹானா, கல்லூரிப் பெண், திருடி வேடம் போட்டிருந்தாள். மேசையில் மிஞ்சியிருந்த பகடையை அவள் உருட்டியதில் எண் ஒன்று விழுந்தது. அதைவிட மோசமான எண் கிடையாது.

"ஓநாய் உன் தொடையைக் கவ்விக் கிழிச்சிருச்சு" என்றார் டீச்சர். "ரத்தம் நிக்கல. ஊர் நாலு மைல் தள்ளி. அண்ணா, என்ன பண்றீங்க?"

"கட்டுப் போடறேன்."

"சரி. கட்டு நனையுது."

"தூக்கிட்டு நடக்கறேன்."

"நடங்க. ரத்தம் ஒழுகிட்டே இருக்கு."

வெள்ளிங்கிரி எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"வேணும்னே பண்றீங்களா? மந்திரம் வேண்டாம்னு சொன்னதுக்குத் தண்டனையா இது?"

"பகடை விழுந்ததை நான் சொன்னேங்கண்ணா."

"உங்களுக்கு இது வெளையாட்டு!"

கதவு வரைக்கும் போய்விட்டார். அப்போது ரெஹானா கேட்டாள், சின்னக் குரலில்.

"அண்ணா, நான் செத்துட்டனா?"

அவர் நின்றார். அப்படியே கதவைப் பார்த்தபடி பேசினார்.

"நஞ்சன்னு ஒருத்தன் இருந்தான். என்கூட ரோந்து வர்றவன். காட்டெருமை அவன் தொடையைக் குத்திக் கிழிச்சிருச்சு. வயர்லெஸ்ல சிக்னல் கெடைக்கல. என் சட்டையைக் கிழிச்சுக் கட்டுனேன். முதுகுல போட்டுக்கிட்டு நடந்தேன். எனக்கு எவனும் மந்திரம் எழுதிக் குடுக்கல டீச்சர். எழுதிக் குடுத்திருந்தா சொல்லியிருக்க மாட்டனா? தொண்டை கிழியக் கத்தியிருக்க மாட்டனா?"

"வழியில பேசுனீங்களா?" டீச்சர் கேட்டார்.

"பேசாம? தூங்கிட்டா போயிருவானே. ஒவ்வொரு மரமாக் காட்டி, இது என்ன மரம்டா, இது என்ன மரம்டான்னு கேட்டுக்கிட்டே வந்தேன். வேங்கைம்பான். மருதும்பான். ஒரு எடத்துல உசிலை மரத்தைக் காட்டி வேணும்னே புங்கைன்னேன். கோவம் வந்துருச்சு அவனுக்கு. கண்ணு அவிஞ்சு போச்சாடான்னு திட்டுனான்."

"பொழைச்சாரா?" என்றார் டீச்சர்.

"இல்லைங்க!" அவர் திரும்பினார். முகம் கறுத்துப் போயிருந்தது. "பொழைக்கல. ரோட்டுக்கு வந்தாச்சு, ஜீப்பு வர்றது தெரியுது, அங்க முடிஞ்சான். போதுமா? பேச்சுக்கு அவ்வளவுதான் சக்தி. அதைத்தான் அப்பயிருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்."

டீச்சர் குனிந்து, கீழே கிடந்த பகடைகளைப் பொறுக்கி மேசையில் வைத்தார்.

"சட்டையைக் கிழிச்சுக் கட்டுன கட்டு எங்க வரைக்கும் தாங்குச்சு?"

"ஓடை வரைக்கும். அதுக்கப்புறம் ஊறிப்போச்சு. அது இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

"நஞ்சன் கடைசியா எந்த மரத்துக்குப் பதில் சொன்னார்?"

"ரோட்டோரத்துப் புளியமரம்."

"ஓடையிலிருந்து ரோடு எவ்வளவு தூரம்?"

"ஒரு மைல் இருக்கும். மேடு வேற."

"கட்டு ஓடையோட பலன் இல்லாமப் போயிருச்சு. அந்த ஒரு மைலை அவர் எதைப் புடிச்சுக்கிட்டு வந்தாருங்கண்ணா?"

வெள்ளிங்கிரி டீச்சரை முறைத்தார்.

விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டு, ரெஹானாவுக்குப் பக்கத்தில் இழுத்து உட்கார்ந்தார்.

"ஏம்புள்ள, கண்ணை மூடாத!" என்று அதட்டி, அங்கே இல்லாத ஒரு மரத்தைச் சுட்டிக்காட்டினார். "இது என்ன மரம்? சொல்லு!"