நரிக்கு நீட்டிய செம்புத் தண்ணீர்

அந்தக் காலத்தில் நரிக்கும் பேச்சு இருந்தது, ஆட்டுக்கும் பேச்சு இருந்தது. ஆடு பேசினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள், அது வேறு. அப்போதெல்லாம் வாசலில் யார் வந்து நின்றாலும் முதல் கேள்வி "என்ன சேதி?" என்பதுதான். சொல்லி முடித்தால்தான் உட்காரவே சொல்வார்கள்.

ஒரு பெரிய கண்மாய்க்குக் கீழே, பள்ளத்து வயலில், வேலாண்டி என்கிற கீதாரி ஆட்டுக்கிடை போட்டிருந்தான். இருநூறு ஆடு. கூட அவன் தங்கச்சி சடைச்சி. அடைமழை பெய்து ஓய்ந்து, கண்மாய் கரை முட்ட நிறைந்து, அன்றைக்குத்தான் வெயில் சுள்ளென்று அடித்தது.

உச்சிப் பொழுதில் ஒரு நரி ஓடி வந்தது. கண்மாயின் மேலக் கோடியிலிருந்து ஒரே ஓட்டம். வழியெல்லாம் தண்ணீர் கிடந்தும், நின்றால் நேரமாகிவிடும் என்று ஒரு வாய் நக்கவில்லை. வந்து நிற்கையில் நாக்கு காய்ந்த சருகாட்டம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

வேலாண்டி கம்பை எடுத்துக்கொண்டு என்ன சேதி என்றான். நரி வாயைத் திறந்தது. அவ்வளவுதான். செத்த எலியைப் பானைக்குள் மூடிவைத்துத் திறந்த மாதிரி ஒரு நாற்றம். சொல் ஒன்றும் வரவில்லை. வேலாண்டி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பத்தடி பின்னால் போனான். நரி கிட்டே போனது. அவன் இன்னும் பத்தடி போனான். இப்படியே கிடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். கிடாய்கள் சிரித்தன. ஒரு தாயாடு மட்டும் சிரிக்கவில்லை. போன வாரம் அதன் குட்டியைக் கவ்விக்கொண்டு போனது இந்த வாய்தான்.

"அந்த நாத்தத்துல என் பிள்ளையும் இருக்கு" என்றது.

வேப்பங்குச்சியால் பல்லை விளக்கிக்கொண்டு நாளைக்கு வா, அப்போது கேட்கிறேன் என்று வேலாண்டி கம்பால் ஒன்று போட்டான். நரி போகவில்லை. இன்னொன்று போட்டான். அப்போதும் போகவில்லை. அதைத்தான் சடைச்சி கவனித்தாள். திருட வந்தது அடி வாங்கிக்கொண்டு நிற்காதே.

அவள் குடிசைப் பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டாள்.

"குட்டியத் தின்ன வாய்க்குத் தண்ணியா, தங்கச்சி?"

"வெயில்ல மேய்ச்சுட்டு வந்தா உன் வாயும் இப்படித்தான் இருக்கும், அண்ணே. நான் சொல்றதில்ல."

ஊற்றினாள். முதல் மடக்கை நரி கொப்பளித்துத் துப்பியது. பசைபசையாகப் போனது. மறுபடி ஊற்றினாள்; செம்பு காலியாகும்வரை குடித்தது. நாக்கு அசைந்தது, நாற்றமும் பாதி அடங்கியது. அதற்கப்புறம்தான் அவள் சேதி கேட்டாள்.

"மேலக் கரையில நண்டு வளை பெருத்துத் தண்ணி பீறுது, ஆத்தா. பொழுது சாயுற மட்டும் தாங்காது. கிடைய மேட்டுக்கு ஏத்து."

உனக்கென்ன அக்கறை என்றான் வேலாண்டி.

"இருநூறும் வெள்ளத்துல போயிட்டா, அப்புறம் நான் யாருகிட்ட திருடுவேன், கீதாரி?"

பொய் சொல்கிறவன் இப்படிச் சொல்ல மாட்டான் என்று அவனுக்குப் பட்டது. அண்ணனும் தங்கச்சியும் ஆடுகளை மேட்டுக்குப் பத்தினார்கள். கடைசி ஆடு மேடேறி உடம்பை உதறுவதற்குள் கரை உடைந்தது. கிடை கிடந்த இடமும் அவர்கள் குடிசையும் ஒரே செம்மண் தண்ணீர்.

வேலாண்டி மேட்டில் நின்று அந்தத் தண்ணீரைப் பார்த்தான். கிடையைச் சுற்றிச் சுற்றி ஓடிய அந்த நேரத்தை நினைத்தான் போலிருக்கிறது. அப்புறம் மெல்லச் சடைச்சி கையிலிருந்த செம்பை வாங்கி, தண்ணீர் மொண்டு, தன் வாயைக் கொப்பளித்தான். சடைச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

நரி திருந்தியதா என்றால், இல்லை. அடுத்த அமாவாசைக்குள் இன்னொரு குட்டியைத் தூக்கியது. தாயாடு அதற்கப்புறம் யாரோடும் பேசவே இல்லை.

ஆனாலும் அன்று முதல்தான், வேண்டியவரோ வேண்டாதவரோ, வெயிலில் வந்து வாசலில் நிற்கிறவருக்கு முதலில் செம்புத் தண்ணீர் நீட்டுகிறோம். அவர் ஒரு மடக்கைக் கொப்பளித்துத் துப்பி, மிச்சத்தைக் குடித்து முடிக்கும்வரை என்ன சேதி என்று கேட்பதில்லை.