மஞ்சள் கோடு

கோயமுத்தூர் கணபதியில், வார்ப்படப் பட்டறைகளுக்குப் பின்னால் ஓடும் சந்தில், ஷமீலா ஒரு ஷெட் வைத்திருந்தாள். பழைய மோட்டார் சைக்கிள்களைப் பிரித்து, கேட்டவர் கேட்ட உருவத்தில் கட்டிக் கொடுப்பது அவள் தொழில். வயது முப்பத்தொன்று. அவளைவிட மூத்தவர்களும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

சென்னியப்பன் அவளிடம் வேலை கற்றுக்கொள்ளப் போனபோது அவருக்கு ஐம்பத்தெட்டு முடிந்திருந்தது. நூல் மில்லில், தரம் பார்க்கும் பிரிவில் முப்பத்து நாலு வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஒரு நாள் காலையில் ஏழு ஆப்பிள் பெட்டிகளை ஆட்டோவில் கொண்டுவந்து ஷெட் வாசலில் இறக்கினார்.

"என்னங்க சார் இது?"

"வண்டிங்க, அம்மிணி."

ஷமீலா ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தாள். செய்தித்தாளில் சுற்றிய கியர்கள், துருப்பிடித்த செயின், எதற்கு எது என்று தெரியாத போல்ட்டுகள். யாரோ ஆசையாகப் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் கைவிட்ட வண்டி.

"வண்டியா? மளிகைச் சாமான் மாதிரி இருக்குது."

"கேஃப் ரேசராக் கட்டணுமுங்க. கைப்பிடி தாழ்வா, சீட் ஒருத்தருக்கு மட்டும், வீண் சுமை எதுவும் இல்லாம. என் மக தாரணி அப்படி ஒண்ணுதான் வேணும்னு நிக்கறா."

"நான் கட்டித் தரட்டுங்களா, நீங்களே கட்டறீங்களா?"

"நானே கட்டறேனுங்க. நீங்க சொல்லிக் குடுங்க."

"பூட்டினதைப் பிரிக்கச் சொல்லுவேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"மாட்டேனுங்க."

எட்டு மாதம் ஆயிற்று. பூட்டினார், பிரித்தார், மறுபடி பூட்டினார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாத நாட்களும் இருந்தன. மூன்றாவது வாரத்திலேயே அவர் வாயில் அம்மிணி போய் மாஸ்டர் வந்துவிட்டது.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. அளவு பார்த்து முறுக்கும் டார்க் ரெஞ்சால் ஒரு நட்டைக் கடைசியாக இறுக்கியதும், மஞ்சள் பெயின்ட் பேனாவால் நட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை ஒரு கோடு இழுக்க வேண்டும். பின்னால் எப்போதாவது நட்டு அசைந்தால் கோடு இரண்டாக விலகிக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஒரு வியாழக்கிழமை முற்பகல் சென்னியப்பன் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"முடிஞ்சுதுங்க மாஸ்டர். சந்துக்குள்ள நாலு நடை ஓட்டியும் பார்த்துட்டேன். சனிக்கிழமை காலையில தாரணி வந்து எடுத்துக்கறா. நேரா வால்பாறை போறாளாம்."

"நாப்பது கொண்டை ஊசி வளைவு."

"அதுக்குத்தான் ஆசைப்படறா."

ஷமீலா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மஞ்சள் கோடுகள் எல்லாம் ஒரே நீளம், ஒரே சாய்வு. ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் இருந்தன.

"கோடு அழகா இருக்குதுங்க சார்."

"எல்லாத்தையும் ஒரே மூச்சுல போட்டேனுங்க, நேத்து மத்தியானம்."

"முறுக்கினது?"

"அப்பப்ப முறுக்கியாச்சு. நேத்து பன்னெண்டு நட்டை எடுத்து மறுபடி சரி பார்த்தேன். பன்னெண்டும் சரியா இருந்துது."

"மொத்தம் எத்தனைங்க?"

"நூறு இருக்கும். மேலயும் இருக்கும்." சென்னியப்பன் சிரித்தார். "மில்லுல நூறு கோன் நூலுக்கு நாலு கோன் எடுத்துப் பார்ப்போமுங்க. நாலும் நல்லா இருந்தா லாரி ஏத்திரலாம். முப்பத்து நாலு வருசத்துல ஒரு லாரி திரும்பி வந்ததில்லை."

ஷமீலா மஞ்சள் பேனாவை மூடி வைத்தாள்.

"மாஸ்டர், ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். ஒரு வேலை முடிஞ்சுதுன்னு நீங்க எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

"பேக்கரிக்குப் போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க சார்."

அவர் டீயோடு ஒரு தேங்காய் பன்னும் தின்றுவிட்டு வந்தார். ஷமீலா வேஸ்ட் துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வண்டியில ஒரு நட்டைத் தளர்த்தி வெச்சிருக்கேன். சனிக்கிழமைக்குள்ள கண்டுபிடிங்க."

"எதைங்க?"

"அதையும் நானே சொல்றதுன்னா எதுக்குங்க தளர்த்தணும்?"

சென்னியப்பனுக்கு இது சுலபமாகத் தோன்றியது. நட்டு அசைந்தால் கோடு விலகும். விலகிய கோட்டைத் தேடினால் போதும். டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் மல்லாந்து, குப்புறப் படுத்து, வண்டியின் அடிவயிறு வரை பார்த்தார். எல்லாக் கோடும் முழுசாக இருந்தது.

"ஒரு கோடும் விலகலீங்க மாஸ்டர்."

"கோட்டைப் பார்த்தீங்க. நட்டைப் பார்த்தீங்களா?"

"ஓ. தளர்த்திட்டு, மேல புதுசாக் கோடு இழுத்துட்டீங்க."

ஷமீலா வேறு ஒரு வண்டியின் கார்புரேட்டரைக் கழற்ற ஆரம்பித்திருந்தாள்.

"விளையாடறதுக்கு ஒரு அளவு வேணுமுங்க," என்றார் சென்னியப்பன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. "எம் மக ஏறிப் போற வண்டி."

"தெரியுமுங்க சார். அதனாலதான் நாள் குறிச்சுச் சொன்னேன்."

தின்னரில் துணியை நனைத்து, எல்லா மஞ்சள் கோட்டையும் அவர் அழித்தார். அதற்கே அந்த மத்தியானம் போயிற்று. பிறகு டார்க் ரெஞ்சை எடுத்துக்கொண்டு முன் சக்கரத்திலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை ஒரு நட்டை இறுக்கியதும் அதற்கு ஒரு கோடு, அப்புறம்தான் அடுத்த நட்டு.

முன் அச்சு சரியாக இருந்தது. முன் பிரேக்கைத் தாங்கும் இரண்டு போல்ட்டில் மேலே உள்ளது அசையவில்லை. கீழே உள்ளது அரைச் சுற்றுச் சுற்றியது.

கை அப்படியே நின்றது. இறக்கத்தில் ஒரு வளைவும், பிரேக்கைப் பிடிக்கும் தாரணியின் விரல்களும் அவர் கண்ணுக்குள் வந்து போயின.

"கிடைச்சிருச்சுங்க!" என்று கத்தினார்.

ஷமீலா வந்து குனிந்து பார்த்தாள்.

"இது நான் தளர்த்தினது இல்லீங்க."

"அப்ப யாருங்க?"

அவள் திரும்பிப் போய்க் கார்புரேட்டரின் முன் உட்கார்ந்தாள். அந்த ஷெட்டில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர வேலை செய்பவர் யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் இடது கைப்பிடியைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் ஆடியது. இந்த முறை அவர் கத்தவில்லை. ரெஞ்சோடு எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"இடது கிளாம்ப். அதுங்களா?"

"இல்லீங்க."

மத்தியானம் கால்மிதியின் போல்ட் ஒன்று. அங்கிருந்தபடியே அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அதற்குப் பிறகுதான் அவருக்குள் ஏதோ திரும்பிக்கொண்டது. பயம் போகவில்லை. ஆனால் பயத்தைத் தாண்டி ஓர் ஆவல் வந்தது. இந்த போல்ட் எப்படி இப்படி ஆனது? யோசித்தார். கிளாம்ப் ஞாபகம் வந்தது: தாரணியின் உயரத்துக்குச் சாய்வு பார்க்கலாம் என்று கையால் மட்டும் முறுக்கிய நாள் அது. பிரேக் போல்ட்டை முறுக்கும்போது கரன்ட் நின்று இருட்டாகிவிட்டது. வந்ததும் வேறு வேலையில் கை போய்விட்டது. கால்மிதி எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அது அவரை இன்னும் குடைந்தது. ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு நாள் இருந்தது. அந்த நாளில் தன் மனம் எங்கே இருந்தது என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாக ரெஞ்சை வைத்தார். சாப்பாட்டைக்கூட வண்டியைப் பார்த்தபடியே சாப்பிட்டார்.

புதிய கோடுகள் கோணல்மாணலாக விழுந்தன. ஒன்றைப்போல் ஒன்று இல்லை.

சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கடைசிக் கோட்டை இழுத்தார். மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று. வண்டியில் எத்தனை என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. மாஸ்டர் தளர்த்திய நட்டு மட்டும் கிடைக்கவில்லை.

தாரணி ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"என்னப்பா, மூஞ்சி இப்படி இருக்குது? வண்டியை எவனுக்காவது வித்துட்டீங்களா?"

"இன்னிக்கு வேண்டாம் சாமி. ஒரு நட்டு கிடைக்கலை."

"எங்க விழுந்துச்சு?"

"விழலை. வண்டியிலதான் இருக்குது. மாஸ்டர் தளர்த்தி வெச்சது. மூணு நாளாத் தேடறேன்."

தாரணி ஷமீலாவைப் பார்த்தாள். "ஏனுங்கக்கா, நிசமா?"

"நான் ஒரு நட்டையும் தளர்த்தலை," என்றாள் ஷமீலா.

பக்கத்துப் பட்டறையில் இரும்பு அறுக்கும் சத்தம் கேட்டது.

"நான் டீ குடிக்கப் போயிருந்தப்ப..." என்று இழுத்தார் சென்னியப்பன்.

"ஒரு செயினைக் கழுவிட்டு இருந்தேனுங்க. உங்க வண்டி பக்கமே போகலை."

அவர் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார். பிரேக் போல்ட், கிளாம்ப், கால்மிதி என்று விரல் விட்டுப் பார்த்தார். பிறகு கையை மடக்கிக்கொண்டார்.

"மூணும் சரி பண்ணிட்டேன் மாஸ்டர். நூத்து நாப்பத்து மூணையும் தொட்டுட்டேன். இனிமே ஒண்ணும் இருக்காதுங்களே?"

"தொட்டவர் நீங்க. நீங்கதான் சொல்லணும்."

சென்னியப்பன் ஒரு கோணல் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "இருக்குமுங்க," என்றார்.

"சாவியக் குடுங்கப்பா. வெயில் ஏறுது," என்றாள் தாரணி.

சாவியை எடுத்தார். கையை நீட்டினார். விரல்கள் விரியவில்லை.

"இருக்கும்னு தெரிஞ்சுட்டு எப்படிங்க மாஸ்டர் குடுக்கறது?"

ஷமீலா எழுந்தாள். மூன்று ஸ்பானர்களை எடுத்து ஒரு துணியில் சுருட்டித் தாரணியின் கையில் வைத்தாள்.

"தாரணி, உங்கப்பா இந்த வண்டியில ஒரு நட்டைத் தளர்த்தி வெச்சிருக்கார். மலை ஏறறதுக்கு முன்னாடி, ஆழியாறுல நிறுத்திக் கண்டுபிடி."

தாரணி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

சென்னியப்பன் இல்லை என்று சொல்லவில்லை.