காய்ந்த அரளித் தழை

மடத்து அரளியைத் தின்று ஒச்சம்மாளின் இரண்டு ஆடுகள் செத்தன. அவளிடம் இருந்ததே இரண்டுதான்.

அரளியை வளர்த்தவர் நல்லபெருமாள். லாரி ஓட்டிவிட்டு, ஐம்பது வயதில் மடத்துக்கு வந்து சீடரானவர். குச்சி நட்டு, தண்ணீர் ஊற்றி, வேலி நெடுகச் சிவப்பாகப் பூக்க வைத்தார். பால் படாமல் கையில் துணி சுற்றிக்கொண்டுதான் கிளை கழிப்பார். பச்சைத் தழை கசக்கும். ஆடு முகர்ந்துவிட்டுப் போய்விடும். காய்ந்தால் அந்தக் கசப்பு தெரியாது. விஷம் மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே கழித்த அன்றே குழி வெட்டிப் புதைக்க வேண்டும். எல்லாம் அவருக்குத் தெரியும்.

இந்த முறை கழித்துப் போட்டார். புதைக்கவில்லை. மறுநாள் மௌன விரதம் தொடங்கிவிட்டது. பதினோரு நாள் வாய் திறக்கக்கூடாது. காலையில் உட்கார்ந்தால் உச்சிவரை எழக்கூடாது.

ஐந்தாம் நாள் காலையில் ஆடுகள் குவியலில் வாய் வைத்தன. நல்லபெருமாள் பார்த்தார். எழவில்லை. உட்கார்ந்தபடியே கையைத் தூக்கித் தட்டினார். தூரத்தில் நின்ற ஒச்சம்மாள், சாமி ஆசீர்வாதம் செய்கிறது என்று நினைத்துக் கும்பிட்டாள்.

பொழுது சாய்வதற்குள் இரண்டும் காலை உதைத்துக்கொண்டு செத்தன.

இன்னும் இரண்டு நாள் அவர் பேசாமல், சாப்பிடாமல் கிடந்தார். அதற்கு மேல் முடியவில்லை. விரதத்தை முறித்துக்கொண்டு குருவிடம் போனார்.

“சாமி, நான் எழுந்திருந்தால் பிழைத்திருக்கும்.”

“ஆமாம்.”

“ஒரு வார்த்தை கத்தியிருந்தாலும்.”

“ஆமாம்.”

“விரதம் பெரிதா ஆடு பெரிதா என்று அப்போது தெரியவில்லை.”

“இப்போது?”

“ஆடுதான்.”

“செத்த பிறகு யாருக்கும் தெரியும்.”

“அரளியை வேரோடு பிடுங்கிவிடவா?”

“அது என்ன செய்தது? அது பாட்டுக்கு நின்றது.”

“இன்னும் பதினோரு நாள் பட்டினி கிடக்கட்டுமா?”

“கிட. யார் வேண்டாமென்றது?”

நல்லபெருமாள் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். குரு எரிச்சலோடு எழுந்தார்.

“வா.”

வேலியோரம் போனார்கள். குவியலைக் காணவில்லை. புதுமண் மேடு ஒன்று இருந்தது. நாய் தோண்டாதபடி மேலே முள் வெட்டிப் போட்டிருந்தது.

“நீங்களா புதைத்தீர்கள், சாமி?”

“நான் எங்கே. நானும் உன்னைப் போல ஆட்டை நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று நாளும் குவியல் இங்கேயேதான் கிடந்தது.”

“பிறகு யார்?”

“இன்று காலையில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ‘சாமிமாருக்கு ஆயிரம் சோலி இருக்கும். மத்தவுக ஆடும் இந்தப் பக்கந்தான வரும்’ என்கிறாள் ஒச்சம்மாள்.”